பேச்சுக்கு நடுவே நிற்கும் சிற்பத்துக்கு என்ன பெயர்?

> பாளையங்கோட்டைக் கண்காட்சிக்குப் பெயர்ப்பலகை எழுத வேண்டும். சவுண்ட் ஸ்கல்ப்ச்சருக்கு ஒலிச்சிற்பம் என்று போட்டால் போதுமா?

போதாது தம்பி. ஒலிச்சிற்பம் நல்ல சொல்தான். ஆனால் அது நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்துக்குத்தான் பொருந்தும். பெரிய தூணைச் சுற்றி ஒரே கல்லில் சிறுதூண்கள். தட்டினால் சுரம் வரும். தட்டுகிறவர் வாயே திறக்க வேண்டியதில்லை. நீங்கள் செய்திருப்பது வேறு. காருகுறிச்சி மண்ணில் சுட்ட இரண்டு தலைகள், இரண்டு கைபேசிகள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றின் காதில் பேசினால் மற்றதன் வாய்வழியே வருகிறது. பேசியவருக்கும் அவர் குரலே கொஞ்சம் பிந்தித் திரும்புகிறது. ஆள் பேசாவிட்டால் வெறும் மண்தலை.

அந்தப் பிந்தல்தான் இதில் சரக்கு. நம் குரலை நாமே கேட்டுக்கேட்டுத்தான் பேசுகிறோம். அது 0.2 நொடி தள்ளிக் காதில் விழுந்தால் நாக்கு குழறும். ஜப்பானில் குரிஹாரா, சுகாடா என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதை வைத்தே பேசுகிறவர் வாயை அடைக்கும் கருவி செய்து, 2012இல் இக் நோபல் வாங்கினார்கள்; முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. தொலைபேசியிலும் ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலும் தெரியாது, அதற்கு மேல் ஏற ஏற இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பிறகு இரண்டு பேரும் நிறுத்துவார்கள், “கேக்கா? கேக்கா?” வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் “ஆமா” போடுவது அரை நொடி பிந்தினால் புலவர் கதை சொல்லி முடித்த மாதிரிதான்!

ஆகவே பெயரில் ஒலி வேண்டாம், குரல் வேண்டும். நடுவில் ஒன்று நிற்பதும் தெரிய வேண்டும். என் பரிந்துரை: குரலிடைச் சிற்பம். பேச்சூடு சிற்பம் என்றும் யோசித்தேன். நம் ஊரில் அதைச் ‘சூடு’ என்றுதான் வாசிப்பார்கள்.

---

அண்ணாச்சி, இடை என்றால் இடுப்பு என்று எவனாவது கிளம்புவானே. இன்டராக்டிவ் என்பதற்கு ஊடாட்டச் சிற்பம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? அப்புறம், பிரேசில் கலைஞர் சில்டோ மெய்ரெலஸின் ‘பாபேல்’ உங்கள் சொல்லுக்குள் வருமா? 2001இல் செய்தது. நூற்றுக்கணக்கான பழைய ரேடியோக்களைக் கோபுரமாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு நிலையம். அதுவும் பேச்சைப் பற்றியதுதானே?

---

அக்கா, இடைச்சொல், இடைவேளை எல்லாம் புழங்குகிறவர்களுக்கு இடுப்பு ஞாபகம் வராது; வந்தாலும் சிற்பத்தைப் பார்த்ததும் போய்விடும். ஊடாட்டம் ரொம்ப அகலம். கைபட்டால் விளக்கு எரியும் பொம்மையும் அதில் அடங்கும்.

‘பாபேல்’ வராது. அதன் முன் நாம் கேட்கிறவர் மட்டுமே. நம் குரல் அதற்குத் தேவையில்லை. அதை ஒலிச்சிற்பம் என்றே சொல்லலாம். மெக்சிகோவில் பிறந்த கலைஞர் லொசானோ-ஹெம்மர் 2013இல் நியூயார்க்கின் பார்க் அவென்யூ சுரங்கப்பாதையில் வைத்த ‘வாய்ஸ் டனல்’ இங்கே வரும். ஒருவர் பேசியது வரிசையாக விளக்குகளிலும் ஒலிபெருக்கிகளிலும் நகர்ந்து போகும். அடுத்தவர் பேசப்பேச முந்தையது தள்ளிப்போகும். இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் இந்த வேறுபாடு போய்விடும்.

பிந்தி வரும் குரலுக்கும் ஒரு சொல் வேண்டுமே. எதிரொலி சரியில்லை, அது மலையும் சுவரும் தருவது. பிற்குரல் என்று வைத்துக்கொள்ளலாமா? பின்குரல் என்றால் டப்பிங் பேசுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

தம்பி, பலகையில் இப்படிப் போடுங்கள்: “குரலிடைச் சிற்பம். சுடுமண், இரண்டு கைபேசிகள், பார்வையாளர் குரல்.” குரலையும் பொருள்பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். பிற்குரலுக்கு யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் அடுத்த பலகையில் அதையும் எழுதிவிடுங்கள்.