மலைக்கோட்டை ஏற எந்த நேரம் சரி?

மன்னார்குடிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு திருச்சி போகிறேன். உச்சிப் பிள்ளையார் வரை 400க்கும் மேல் படி என்கிறார்கள், அம்மாவுக்கு முட்டிவலி வேறு. மேலே பார்க்க என்ன இருக்கிறது?

தில்லைநகர்வாசி:
காலையிலேயே ஏறிவிடுங்கள், செருப்பில்லாமல் வெயில் பாறையில் கால் வைக்க முடியாது. மேலே நின்றால் வடக்கே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், கீழே தெப்பக்குளம் தீப்பெட்டி மாதிரி.

பழங்கோயில்பித்தன்:
எல்லாரும் செல்ஃபிக்காக ஓடுகிறார்கள், வழியில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த குடைவரைக் கோயிலை விட்டுவிடாதீர்கள். சடையில் கங்கையைத் தாங்கும் சிவன் அங்கே சுவர் முழுக்க நிற்கிறார், பக்கத்துக் கல்வெட்டோ காவிரியைப் பல்லவனின் காதலி என்கிறது! அம்மா பாதி வழியிலுள்ள தாயுமானவர் சன்னதியோடு நின்றுகொள்ளட்டுமே.

மன்னார்குடிக்காரன்:
நன்றி. அம்மாவிடம் சொன்னேன், உச்சி வரை வருவேன் என்று ஒரே பிடிவாதம்.