லைக்லி லெட்டர் வந்த பிறகு மார்க் குறைஞ்சிடுச்சு, ஹெல்ப் ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நியூஜெர்சில இருக்கோம், பொண்ணு 12வது. ஒரு ஐவி லீக் காலேஜுக்கு ரெகுலர் டிசிஷன்ல (வழக்கமான ரவுண்டு) அப்ளை பண்ணிருந்தா, பிப்ரவரி 20 வாக்குல அவங்ககிட்ட இருந்து லைக்லி லெட்டர், அதாவது ரிசல்ட்டுக்கு முன்னாடியே சீட் அநேகமா உண்டுன்னு சொல்ற லெட்டர், வந்துச்சு. ஸ்போர்ட்ஸ் கோட்டா இல்ல, படிப்புக்காக வந்தது. மார்ச் கடைசில தான் அஃபிஷியல் ரிசல்ட், ஆனா இப்ப இருக்கிற படிப்பும் நடத்தையும் அப்படியே தொடர்ந்தா சீட் உண்டுன்னு அதுல தெளிவா போட்டிருக்கு.

அந்த "தொடர்ந்தா"ங்கிற வார்த்தைல தான் இப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறோம். போன வாரம் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்ல ஏபி கால்குலஸ் பிசில (காலேஜ் லெவல் கணக்கு) சி, மத்ததெல்லாம் ஏ தான். ஃப்ளூ வந்து ஒன்பது நாள் ஸ்கூல் போகல, ரெண்டு டெஸ்ட் மிஸ் ஆகி அதுக்கு ஜீரோ விழுந்திருக்கு. லெட்டரை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்தா, நேத்து அவளே எடுத்து டிராயர்ல வச்சுட்டா, பாக்கவே மனசு கேக்கல.

டீச்சர்கிட்ட பேசியாச்சு, ஒரு டெஸ்ட் மட்டும் திரும்ப எழுத விடுறாங்க. ஸ்கூல் கவுன்சிலர் பதறாதீங்கங்கறாங்க, ஆனா அவங்க இதுவரை லைக்லி லெட்டரே பாத்ததில்லையாம். ஸ்கூல்ல இருந்து காலேஜுக்கு அனுப்புற மிட்-இயர் ரிப்போர்ட் நல்ல மார்க்கோட பிப்ரவரிலயே போயிடுச்சு. ஃபைனல் ரிப்போர்ட் ஜூன்ல போகும். தேடிப் பாத்ததுல குடுத்த சீட்டை காலேஜ் வாபஸ் வாங்கறது ரொம்ப அபூர்வம்னு தான் எல்லாரும் சொல்றாங்க, ஒரு சி வந்தா என்னன்னு யாரும் எழுதல.

இந்த நிலைமைல இருந்தவங்க சொல்லுங்க, காய்ச்சல் விஷயத்தை இப்பவே அட்மிஷன் ஆபீஸுக்கு நாங்களே எழுதிடணுமா, இல்ல அஃபிஷியல் ரிசல்ட் வர்ற வரைக்கும் பேசாம இருக்கணுமா?