வீடு மாறியதிலிருந்து தேக்குக் கட்டில் கிறீச்சிடுகிறது, என்ன செய்யலாம்?

செம்பூர் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என் கல்யாணத்துக்கு அப்பா திருநெல்வேலியில் ஆசாரியை வைத்துச் செய்துகொடுத்த தேக்குக் கட்டில் இது. போன மாதம் இங்கே மும்பையில் செம்பூருக்குள்ளேயே வேறு வாடகை வீட்டுக்கு மாறினோம். சாமான் ஏற்ற வந்த ஆட்கள்தான் கழற்றி மாட்டினார்கள். அன்றிலிருந்து புரண்டு படுத்தாலே கிறீச். பாப்பாவைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு நான் சாய்ந்தால் போதும், விழித்துக்கொள்கிறாள். போல்ட்டையெல்லாம் முடுக்கிப் பார்த்தாயிற்று, பலனில்லை. மெத்தைக்கு அடியில் பிளைவுட் பலகை இருக்கிறது. விற்றுவிட்டு இரும்புக் கட்டில் வாங்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசே வரவில்லை.

அந்தேரி தம்பி:
துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே இருக்கிறதே அக்கா, அதை மூட்டுகளில் அடித்துவிடுங்கள். எங்கள் பால்கனிக் கதவுக்கு அதுதான் கேட்டது.

மாட்டுங்கா பிட்டர்:
தம்பி சொல்வது இரும்புக்குச் சரி, மரத்துக்கு வேண்டாம் அம்மா. நான் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணெய் கொஞ்ச நாள் சத்தத்தை அடக்கும், அப்புறம் தூசியைப் பிடித்துப் பிசுக்காகிவிடும். எண்ணெய் குடித்த மரத்தில் பின்னால் ஃபெவிகாலும் ஒட்டாது.

முதலில் மெத்தையைத் தரையில் போட்டுப் புரண்டு பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் மெத்தையின் ஸ்பிரிங்தான். வராவிட்டால் பிளைவுட்டையும் எடுத்துவிட்டு, வெறும் சட்டத்தை ஒருவர் ஆட்டட்டும். இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். காதை நம்பாதீர்கள். சத்தம் சட்டத்தின் வழியே ஓடும், கால்மாட்டில் பிறந்தது தலைமாட்டில் கேட்கும். கை ஏமாறாது, தளர்ந்த மூட்டில் சின்னதாக ஓர் அசைவு தட்டுப்படும். வெறும் சட்டம் சத்தமே போடவில்லையென்றால் பிளைவுட்தான் உரசுகிறது.

டார்ச் அடித்தும் பாருங்கள். மரத்தோடு மரம் உரசுகிற இடத்தில் பாலிஷ் தேய்ந்து பளபளவென்று ஒரு திட்டு இருக்கும், இல்லாவிட்டால் மாவு மாதிரி மரத்தூள் உதிர்ந்திருக்கும். போல்ட்டைச் சுற்றிக் கறுப்புப் பொடி தெரிந்தால் அங்கே இரும்பு உராய்கிறது.

முடுக்கியும் பலனில்லை என்கிறீர்கள். ஒரு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், எனக்கு வாஷர் மேல்தான் சந்தேகம். கட்டிலைக் கழற்றும்போது முதலில் தொலைவது அதுதான். வாஷர் இல்லாமல் முடுக்கினால் போல்ட்டின் தலை மரத்துக்குள் அமுங்கும். கைக்கு இறுகியது போலத் தெரியும், உள்ளே மூட்டு சேர்ந்திருக்காது. பழைய போல்ட்டை ஹார்ட்வேர் கடையில் காட்டி அகலமான வாஷராக வாங்குங்கள். ஒரே மூலையை முழுக்க இறுக்காமல் நாலு மூலையையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். இல்லையென்றால் சட்டம் கோணிக்கொள்ளும்.

புது வீட்டுத் தரையையும் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் வடிய டைல்ஸை லேசாகச் சரித்துப் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் செய்தித்தாளை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போனால் அந்தக் கால் அந்தரத்தில் நிற்கிறது. நடுக்கால் இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

ஆசாரி கையால் செய்த தேக்கை இதற்காக விற்றுவிடாதீர்கள். அந்தக் கனத்தில் சட்டம் வாங்க இன்று என்ன விலை ஆகும் என்று ஒரு மரக்கடையில் விசாரியுங்கள், வீட்டுக்காரரே வேண்டாம் என்பார்.

முலுண்ட் அக்கா:
எங்கள் வீட்டில் பிளைவுட்தான் உரசியது. சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கி, நீளவாக்கில் கீறி, பலகை உட்காருகிற விளிம்பு முழுக்க ஒட்டினோம். அதோடு சத்தம் நின்றது. டியூப் கிடைக்காவிட்டால் சாதாரண மெழுகுவத்தியை உரசுகிற இடத்தில் அழுத்தித் தேயுங்கள், அதுவும் நன்றாகவே கேட்கும்.

செம்பூர் அம்மா:
ஐயா, தலைமாட்டுப் பக்கம் இரண்டு போல்ட்டில் வாஷரே இல்லை! நடுக்காலுக்கு அடியில் தாள் வழுக்கிக்கொண்டு போனது. வாஷர் போட்டு, காலுக்கு ரப்பர் துண்டு வைத்தோம். அக்கா சொன்னபடி டியூபும் ஒட்டியாயிற்று. நேற்று ராத்திரி பாப்பா அசையவே இல்லை. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மிச்சப் போல்ட்டையும் இன்னும் பலமாக இறுக்கிவிடட்டுமா?

மாட்டுங்கா பிட்டர்:
சந்தோஷம் அம்மா. இப்போது பலமாக இறுக்க வேண்டாம். மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கும். இந்த நேரத்தில் வலுவாக முடுக்கினால் போல்ட் பிடிக்கிற இடத்தில் நார் நசுங்கிவிடும், காய்ந்து சுருங்கும்போது மறுபடி இடைவெளி விழும். தீபாவளி தாண்டிக் காற்று வறண்டதும் ஒரு சுற்று முடுக்குங்கள், அது போதும். அடுத்த தடவை வீடு மாறினால் போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.