ஓவன் ப்ளோயர்: காலையில் ட்ரிப், சூடானதும் சரி. மோட்டார் கோளாறா?

பீன்யா ஹாட்ஏர்:
பெங்களூரு பீன்யாவில் பெயின்ட் ஓவன், 200 டிகிரி செல்சியஸ். சுற்றோட்ட ப்ளோயருக்கு 5 எச்பி மோட்டார், பிளேட்டில் 7.5 ஆம்ப். காலையில் ஓடவிட்டால் 8.5 ஆம்ப் இழுத்து, கொஞ்ச நேரத்தில் ஓவர்லோட் ட்ரிப் (அதிக கரன்டில் தானே அணைகிறது). எப்படியோ சூடேற்றிவிட்டால் 6-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. டக்ட் (காற்றுக் குழாய்) பிரஷரும் 100 மி.மீ. நீர்மட்டத்திலிருந்து 65 ஆகிறது. பேரிங், பெல்ட் பார்த்தாயிற்று. மோட்டாரை ரீவைண்டிங்குக்கு (காயிலைப் புதிதாகச் சுற்ற) அனுப்பலாமா?

காற்றளவு:
வேண்டாம் சார், மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. அதே ஆர்பிஎம்மில் ப்ளோயர் தள்ளும் கன அளவு ஏறக்குறைய மாறாது, எடைதான் மாறும். அடர்த்தி = அழுத்தம் ÷ (287 × கெல்வின்); கெல்வின் என்றால் செல்சியஸ் + 273. பெங்களூரு 900 மீட்டருக்கு மேல், அழுத்தம் சுமார் 91,000 பாஸ்கல். 27 டிகிரியில் கன மீட்டருக்கு 1.06 கிலோ, 200-ல் 0.67. அதாவது 63 சதவீதம். பிரஷரும் பவரும் அதே விகிதத்தில் இறங்கும். உங்கள் 65 கணக்கோடு ஒத்துப்போகிறது. மோட்டார் தன் காந்தப் புலத்துக்காக இழுக்கும் கரன்ட் லோடோடு குறையாததால் ஆம்ப் அந்த அளவுக்கு விழாது. சூடான, லேசான காற்றை வைத்து மோட்டார் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், காலையின் கனமான காற்றுக்கு அது போதவில்லை, அவ்வளவுதான்.

பேனல் வயரிங்:
ட்ரிப் ஆகிறதென்று ஓவர்லோட் செட்டிங்கை ஏற்றிவிடாதீர்கள், காயில் எரியும். டேம்பரை (டக்டில் காற்றைக் குறைக்கும் தகடு) பாதி மூடி ஸ்டார்ட் செய்து, 120 டிகிரி தாண்டியதும் திறங்கள். இது காற்றைப் பக்கவாட்டில் வீசும் சென்ட்ரிஃபியூகலுக்கு மட்டும்; நேராகத் தள்ளும் ஆக்சியல் ஃபேனில் மூடினால் லோடு கூடும். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இருந்தால் குளிரில் 50-க்குப் பதில் 45 ஹெர்ட்ஸ் போதும். பவர் வேகத்தின் மும்மடியில் மாறும்; வேகம் 0.9 ஆனால் பவர் 0.9 × 0.9 × 0.9 = 0.73 ஆகிவிடும்.

பீன்யா ஹாட்ஏர்:
புரிந்தது. ஆனால் ஹெப்பா ஃபில்டரின் (நுண்தூசி வடிகட்டி) இரு பக்க அழுத்த வித்தியாசம் காட்டும் கேஜ் மட்டும் சூட்டில் 10-லிருந்து 14-க்கு ஏறுகிறதே? காற்று லேசானால் தடை குறைய வேண்டாமா?

காற்றளவு:
அங்கே பேசுவது பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்பு. எண்ணெய் சூட்டில் இளகும், காற்று நேர்மாறு: மூலக்கூறுகள் வேகமாக ஓடி அடுக்குக்கு அடுக்கு உந்தத்தைக் கடத்துவதால் பாகுநிலை கூடும். 27 டிகிரியில் 1.85, 200-ல் சுமார் 2.6 (× 10⁻⁵ பாஸ்கல் வினாடி), 1.4 மடங்கு. ஃபில்டர் இழைகளுக்கிடையே ஓட்டம் மெதுவானது, தடை பாகுநிலையைப் பின்பற்றும். டக்டிலும் அதன் வளைவுகளிலும் தடை அடர்த்தியைப் பின்பற்றும். எனவே 14-ஐப் பார்த்து ஃபில்டரை மாற்றிவிடாதீர்கள். அடைப்பைக் குளிர்ந்த ஓவனில், எப்போதும் ஒரே ஹெர்ட்ஸில், ஒரே டேம்பர் நிலையில் அளந்து ஒப்பிடுங்கள்.