நூற்புக்கு ஆகாத பட்டுக்கூடு திசு வளர்ப்புச் சாரத்துக்குப் பயன்படுமா?

கோபி பட்டு விவசாயி:
வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் மல்பெரி வைத்து வெண்பட்டுக் கூடு எடுத்துவருகிறோம். இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக் கூட்டையும், ஊசி ஈயின் புழு துளைத்த கூட்டையும் அங்காடியில் ஒதுக்கி அடிமாட்டு விலைக்கே கேட்கிறார்கள். எலும்பு, தோல் போன்ற திசுக்கள் மீண்டும் வளர, கட்டடச் சாரம்போல் செல்களைத் தாங்கி நிற்கும் சாரத்தைப் பட்டுப் புரதத்தில் செய்வதாகப் படித்தேன். இழை அறுந்த கூடு அதற்கு ஆகுமா?

ஆய்வு மாணவி, கோவை:
ஆகும் ஐயா. நூற்பவருக்கு முறியாத நீள இழை வேண்டும். எங்களுக்கோ அந்த இழையே கரைந்துபோக வேண்டும் என்பதால், நல்ல கூட்டையும் முதலில் கத்தரித்துத்தான் உள்ளிருக்கும் புழுவை எடுக்கிறோம். சோடியம் கார்பனேட் கலந்த கொதிநீரில் சுமார் 30 நிமிடம் வேகவைத்தால், கூட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கான செரிசின் என்னும் பசை நீங்கி ஃபைப்ரோயின் என்னும் இழைப் புரதம் மிஞ்சும். அதை உலர்த்தி, 9.3 மோலார் லித்தியம் புரோமைடு கரைசலில் 60 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால் முழுவதும் கரைந்துவிடும். பிறகு சவ்வுப் பையில் ஊற்றித் தூய நீரில் அமிழ்த்தி, நீரை மாற்றி மாற்றி லித்தியம் உப்பை வெளியேற்றுவோம். இவ்வாறு கிடைத்த கரைசலில் ஒரே அளவாகச் சலித்த சமையல் உப்புப் பரல்களைத் தூவி, இறுகியபின் கழுவினால், பரல் இருந்த இடமெல்லாம் செல்கள் குடியேறும் துளையாகிவிடும்.

கவனம் வேண்டியது வேகவைப்பில்தான். நேரம் கூடினால் புரதச் சங்கிலிகள் துண்டுபட்டுச் சாரம் வலுவிழப்பதோடு உடலுக்குள் விரைவாகச் சிதையும். நேரம் குறைந்தால் செரிசின் தங்கும். பசை நீக்காத பட்டுத் தையல் நூலால் சிலருக்கு ஏற்பட்ட ஒவ்வாமைக்கு அதையே காரணமாகக் கூறினார்கள்.

நூற்பு நிலையப் பணியாளர், உடுமலை:
அண்ணா, இரட்டைக் கூட்டைத் தயங்காமல் கொடுக்கலாம். ஊசி ஈ தாக்கிய கூட்டை மட்டும் அதனுடன் கலக்காதீர்கள். உள்ளே புழு அழுகியிருந்தால் ஓட்டின் உட்புறம் பழுப்பாகக் கறை படிந்திருக்கும். வெட்டிப் பார்த்து, கறையுள்ளதைக் கழித்துவிடுங்கள்.

கோபி பட்டு விவசாயி:
மிக்க நன்றி. அங்காடியில் கழியும் கூடு முழுவதையும் ஆய்வகங்கள் வாங்கிக்கொள்ளுமா?

ஆய்வு மாணவி, கோவை:
அந்த அளவுக்குத் தேவை இருக்காது ஐயா; ஓர் ஆய்வுக்குச் சில கிராம் கூடே போதுமானது. ஆனால் எந்த ஒட்டு ரகம், எந்த மாதத்து அறுவடை, வளர்ப்பு மனையில் எந்தக் கிருமிநாசினி தெளித்தீர்கள் என்று பை வாரியாக எழுதி வைத்துக் கொடுத்தால், எங்களுக்கு அது விலை கொடுத்து வாங்கத் தக்க கூடு.