‘தன்மையப் பேச்சு’ வேண்டாம், ‘தற்பேச்சு’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

விளையாடும்போதும் வரையும்போதும் குழந்தை யாரையும் நோக்காமல் வாய்விட்டுத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறதே, அந்தப் பேச்சுக்கு நம் கலைச்சொற்பட்டியலில் உள்ள ‘தன்மையப் பேச்சு’ (தன்னையே மையமாகக் கொண்ட பேச்சு) என்பதைக் கைவிட வேண்டும் என்று கருதுகிறேன். சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் தீர்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஜெனீவாவில் ஆறு வயதுக் குழந்தைகள் இருவரின் பேச்சைப் பதிந்து 1923இல் நூலாக்கிய அவர், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி கேட்பவரைக் கருதாதது என்று கண்டு, பிறர் நிலையில் நின்று பார்க்க இயலாத மனத்தின் அடையாளமாகவே அதைக் கொண்டார். வயது ஏற ஏற அது தேய்ந்து மறையும் என்றார்.

சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி கண்டது வேறு. ஐந்தரை வயதுக் குழந்தை ஒன்று டிராம் வண்டி வரைந்துகொண்டிருக்கையில் பென்சில் முனை ஒடிகிறது. சக்கரத்தை முடிக்க அழுத்திப் பார்க்கிறது. தாளில் நிறமற்ற பள்ளக்கோடுதான் விழுகிறது. “உடைஞ்சுபோச்சு” என்று முணுமுணுத்துவிட்டு, பென்சிலை வைத்து நீர்வண்ணத்தை எடுத்து, விபத்தில் உடைந்த டிராமை வரையத் தொடங்குகிறது. வாயிலிருந்து வந்த சொல் கையின் போக்கையே திருப்பிவிட்டது. வேண்டிய வண்ணப் பென்சில் கிடைக்காதபடி செய்தால் இப்பேச்சு ஏறத்தாழ இரு மடங்காவதையும் அவர் கண்டார். எனவே பள்ளி வயதில் அது மறைவதில்லை, உள்ளே இறங்கி, மனத்துக்குள் ஒலியின்றி நிகழும் உட்பேச்சாகிறது என்றார். வளரிளம் பருவத்தில் முதிரும் கருத்துருச் சிந்தனைக்கும் (பொதுக் கருத்துகளைக் கொண்டு எண்ணுவதற்கும்) சொல்லே கருவி என்பது அவர் கொள்கை.

மாற்றுச் சொற்களுள் ‘தனிமொழி’யை நாடகம் எடுத்துக்கொண்டது. குறளின் ‘நெஞ்சொடு கிளத்தல்’ அதிகாரத்தை ஒட்டிய ‘நெஞ்சுரை’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அங்கே நெஞ்சு இன்னோர் ஆளாக எதிரில் நிற்கிறது, குழந்தைக்கோ அப்படி ஒருவர் தேவைப்படவில்லை. ‘தன்னுரை’ என்றால் நூல்களின் ‘என்னுரை’ நினைவுக்கு வரும்.

‘தற்பேச்சு’ என்பது தற்பெருமைபோல் ஒலிக்கும் என்ற தடை நியாயமானதே. ஆயினும் தற்காப்பு, தற்சோதனை ஆகியவற்றில் செயல் செய்பவரையே நோக்கித் திரும்புகிறது. நமக்கு வேண்டிய பொருளும் அதுவே. வினைக்குப் புதுச்சொல் தேவையில்லை: ‘பேசிக்கொள்’ என்பதில் உள்ள ‘கொள்’ அதை என்றைக்கோ செய்து வைத்திருக்கிறது.

பிறரோடு பேசுவதைச் ‘சமூகப் பேச்சு’ என்றே வைப்போம். ‘புறப்பேச்சு’ என்றால் புறங்கூறுதலாகிவிடும்.