18 வயதில் முன்பல் போய்விட்டது: இப்போதே இம்ப்ளாண்ட் வைக்கலாமா?

காவிரிக்கரை:
தம்பிக்குப் போன மாதம் கிரிக்கெட் பந்து பட்டு மேல்வரிசை முன்பல் ஒன்று வேர்வரை முறிந்துவிட்டது. மிச்சமிருந்த வேரையும் எடுத்துவிட்டார்கள். வயது 18, சீக்கிரம் கல்லூரி திறக்கப்போகிறது. பேசும்போதே கையால் வாயை மூடிக்கொள்கிறான். ஒரு மருத்துவர் உடனே இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் வேர் மாதிரிப் பதிக்கும் ஸ்க்ரூ) வைக்கலாம், மேலே மாட்டும் பல்லான கேப்போடு சேர்த்து 45,000 ரூபாய் என்கிறார். இன்னொருவர் சில வருடம் பொறுக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? சொந்தப் பல் மாதிரியே தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்பது.

வைகை மாறன்:
தாராளமாக வையுங்கள் சகோதரி. எனக்கும் முன்பல் இம்ப்ளாண்ட்தான், நானாகச் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது. வழக்கமான பிரிட்ஜ் என்றால் நடுவில் வரும் பொய்ப்பல்லைத் தாங்க இரண்டு பக்கமும் நல்ல பல்லை ராவி கேப் மாட்டுவார்கள். இந்த வயதில் அது பெரிய பாவம். இம்ப்ளாண்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது. ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் ஸ்க்ரூ வைத்தார். அந்த நோயாளி 2006இல் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அது உழைத்தது. இன்னொன்று, முன்பல்லின் உதட்டுப் பக்க எலும்பு மிக மெல்லியது, பலருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பல் போன பிறகு அதுதான் முதலில் கரையும். காத்திருந்தால் நஷ்டம் பையனுக்கு.

தாமிரபரணி:
மாறன் சார், நீங்கள் சொல்லும் நோயாளி வளர்ந்த ஆள், வைத்தது கீழ்த்தாடையில். இங்கே கேள்வி 18 வயதுப் பையனின் மேல் முன்பல் பற்றியது. நான் பல் கட்டும் பிரிவில் மருத்துவராக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சொந்தப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. தாடை வளரும்போது பல்லும் கூடவே நகர்ந்துகொள்ளும். இம்ப்ளாண்ட்டுக்கு அந்தத் திசு கிடையாது, எலும்பு நேராக டைட்டானியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் பலமே அதுதான். ஆனால் வளர்ச்சி முடியாத தாடையில் பக்கத்துப் பற்கள் கீழே இறங்கிக்கொண்டிருக்க, இது மட்டும் வைத்த இடத்திலேயே நிற்கும். சில வருடத்தில் அந்தப் பல் குட்டையாகத் தெரியும், ஈறு விளிம்பும் மேலே ஏறி நிற்கும். கேப்பை மாற்றி நீளத்தைச் சரிசெய்யலாம். ஈறைச் சரிசெய்வது லேசான காரியம் இல்லை. ஆண்பிள்ளைகளுக்கு முக எலும்பு 18க்குப் பிறகும் வளர்வது சாதாரணம்.

வைகை மாறன்:
அதுவரை கழற்றி மாட்டும் பல்லோடு கல்லூரிக்குப் போகச் சொல்கிறீர்களா? அந்த வயதில் அது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று யோசித்தீர்களா?

தாமிரபரணி:
அது வேண்டாம். மேரிலாண்ட் பிரிட்ஜ் என்று ஒன்று உண்டு. பக்கத்துப் பல்லின் உள்பக்கத்தில் ஒரு சிறகை ஒட்டி, அதிலிருந்து புதுப் பல்லை நிறுத்துவது. பல்லைப் பெரிதாக ராவ வேண்டியதில்லை. முன்பெல்லாம் இரண்டு பக்கமும் சிறகு வைத்தார்கள். ஒன்று கழன்றும் வெளியே தெரியாமல், அடியில் சொத்தை பிடித்துவிடும். அதனால் முன்பல்லுக்கு இப்போது ஒரே சிறகு போதும் என்கிறோம். கழன்று விழ வாய்ப்பு உண்டு, விழுந்தால் திரும்ப ஒட்டலாம். கீழ்ப்பல் ரொம்ப மேலேறிக் கடிப்பவர்களுக்கு மட்டும் இது சரிவராது. எலும்பு கரையும் என்று நீங்கள் சொன்னது உண்மை. பின்னால் எலும்பு ஒட்டு வைக்க வேண்டிவரலாம், செலவும் கூடும். அப்படியும் நான் காத்திருக்கத்தான் சொல்வேன்.

கொங்கு லேப்:
நான் பல் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். எது வைத்தாலும் நிறம் பார்ப்பதை வந்தவுடன், வாய் ஈரமாக இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில் முடிக்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும். அதைப் பார்த்துச் செய்த பல் அடுத்த நாள் தனியாகப் பளிச்சிடும். தம்பி பல் தெரியச் சிரிக்கும் பழைய போட்டோ இருந்தால் அனுப்புங்கள். ஓரத்தின் வளைவு, இடைவெளி எல்லாம் அதிலிருந்துதான் எங்களுக்குக் கிடைக்கும். அப்புறம், ஈறு மெல்லியதாக இருந்தால் டைட்டானியத்தின் சாம்பல் நிறம் வெளியே தெரியும். இம்ப்ளாண்ட் வைக்கும் காலத்தில் ஸ்க்ரூவையும் கேப்பையும் சேர்க்கும் இணைப்புத் துண்டை ஜிர்கோனியாவில் (வெள்ளை நிறப் பீங்கான் வகை) கேளுங்கள்.

வைகை மாறன்:
சரி, பொறுக்கச் சொல்கிறவர் எதுவரை என்றும் சொல்ல வேண்டாமா? "சில வருடம்" என்பது கணக்கா? அப்படி விட்டவர்கள் பலர் திரும்பிப் போவதே இல்லை, எலும்பு மொத்தமும் போய்விடுகிறது.

தாமிரபரணி:
நியாயமான கேள்வி. பக்கவாட்டு முக எக்ஸ்ரே ஒன்று இப்போது எடுத்து, ஒரு வருடம் கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிட வேண்டும். மாற்றம் இல்லை என்றால் அப்போது இம்ப்ளாண்ட் பற்றிப் பேசலாம். பெரியவர்களுக்கும் பல் கொஞ்சம் கொஞ்சமாக நகரத்தான் செய்யும், ஆனால் அது மிகக் குறைவு.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை இரண்டாவது மருத்துவரிடம் போய் இந்த ஒரு சிறகு பிரிட்ஜ் பற்றியும் எக்ஸ்ரே பற்றியும் கேட்கிறோம். முதல் இடத்தில் முன்பணம் 5,000 கட்டியிருக்கிறோம், திரும்பக் கேட்கலாமா?

வைகை மாறன்:
ஸ்க்ரூ இன்னும் வைக்கவில்லையே, கட்டாயம் கேளுங்கள். ஸ்கேன் எடுத்திருந்தால் அதற்கான பணத்தைக் கழித்துக்கொள்ளட்டும். ஆனால் ஸ்கேன் பிரதியை வாங்காமல் வராதீர்கள்.